அப்டேட் ஆன நட்சத்திரம்

தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் மேல வெச்சுக்கறீங்களா? பொட்டி இடிக்குதுங்க. இல்லைங்க, கண்டக்டர் பின்னாடி வைக்கச் சொன்னாப்ல, நான்தான் மாட்டேன்னுட்டேன். வேணும்னா இதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுக்கப்பான்னு சொல்லிப்போட்டேன். கோபியில இருந்து ஈரோடு வரைக்கும் மடியிலதான் இருக்கோணும். துண்டு சுத்தி வெச்சிருக்கறதைப் பாத்து முன் சீட்டு அம்மா கொழந்தைன்னு எட்டி எட்டிப் பாக்குது. கம்ப்யூட்டருங்க. டிவியாட்டம் இருக்குமே, அது ஊட்டுல இருக்குது. இது அதோட மூளை.

பேரு நாச்சிமுத்து. ஜோசியம். கோபியில எறங்கி யாரைக் கேட்டாலும் ஊட்டைக் காட்டுவாங்க. என்ற பொண்ணு கோகிலவாணியோட கல்யாணம் இந்தப் பொட்டிக்குள்ளதாங்க இருக்குது. அதுக்கோசரம்தான் கீழ வைக்கலை. ஒரே பொண்ணு. ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை, கம்ப்யூட்டர்ல அவளுக்குத் தெரியாததே இல்லை.

எனக்கும் கையால ஜாதகம் போடத் தெரியுமுங்க. தெரியாம இல்லை. ஆனா கையால எழுதிக் குடுத்தா இப்பெல்லாம் மூஞ்சியைச் சுளிக்கறாங்க. கலர்ல, மேல பிள்ளையார் படம் போட்டு, ஸ்பைரல் போட்டுக் குடுத்தா கண்ணுல ஒத்திக்கறாங்க. அதனாலதான் ஜாதக சாஃப்ட்வேர் ஒண்ணு வாங்குனேன். மூணாம் நம்பர். சி.டி.யில குடுத்தாங்க. வளர்பிறையில, குரு ஓரை பாத்து ஏத்துனதுங்க. ரொம்ப வருசமா அதுதான் எனக்குச் சோறு போட்டுச்சு.

இந்த நாலாம் நம்பர் எப்ப வந்துச்சோ அப்பப் புடிச்சுது சனி. பொட்டியைத் தொறந்தாப் போதும், "புதுசு வந்திருக்குது, போட்டுக்கறீங்களா?"ன்னு கேக்கும். "இப்ப வேண்டாம்"னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுத்துவேன். மறுநாளும் கேக்கும். மறுபடி அமுத்துவேன். அதை அமுத்திட்டுத்தான் சாமியே கும்புடறது. ஒரு நாள் கேக்கலை. பரவால்லை, புத்தி வந்திருச்சுன்னு நெனச்சேன். புத்தியும் இல்லை ஒண்ணும் இல்லை, அதுவா ஏறி உக்காந்துக்கிச்சு. அதுவும் எந்த நேரத்துல? எமகண்டத்துல. ஒருத்தரு ஊட்டுக்குள்ள கேக்காம வந்தாலே தப்பு, எமகண்டத்துல வரலாமுங்களா?

அப்பவும் நான் பெருசா எடுத்துக்கலை. அந்தச் சமயத்துலதான் ஒரு நல்ல எடம் வந்துச்சு. கவுந்தப்பாடியில அங்கமுத்துன்னு ரைஸ்மில்காரரு. அவரோட மூத்த பையனுக்கு நம்ம பொண்ணைக் கேட்டாங்க. மூத்த பையன், அதைக் கவனிச்சுக்கோங்க. என்ற பொண்ணு கேட்டை நட்சத்திரம். கேட்டைப் பொண்ணு போற ஊட்டுல புருசனுக்கு அண்ணன் இருந்தா, அந்த அண்ணனுக்கு ஆகாதும்பாங்க. இங்க அண்ணனே இல்லை. அளவெடுத்துத் தெச்ச சட்டையாட்டம் இருந்துச்சு. சந்தோசத்துல உக்காந்து பொண்ணு ஜாதகத்தைப் போட்டனுங்க.

மூலம்னு வந்துச்சு.

உங்க வயசுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னமோ. மூலத்துப் பொண்ணு மாமனாருக்கு ஆகாதும்பாங்க. மாமனாரு உசுரோட இருக்கற ஊட்டுல மூலம்னு சொன்னா, காப்பித் தண்ணி கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிருவாங்க. அங்கமுத்து ஆளு கல்லாட்டம் இருக்காரு, இன்னும் முப்பது வருசம் தாங்குவாரு.

கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். ஒரு புள்ளை எடுத்துச்சு. "சார், நாலாவது வெர்ஷன்ல கணக்கைத் துல்லியம் பண்ணியிருக்கோம். நட்சத்திரம் மாறுற நேரம் கொஞ்சம் முன்னாடியே வரும்"னு சொல்லுது. என்ற பொண்ணு கேட்டை முடியற நேரத்துல பொறந்தவ. கேட்டையோட வாசப்படியில நின்னவளைப் புடிச்சு மூலத்துக்குள்ள தள்ளிப்போட்டான். "ஏம்மா, நட்சத்திரத்தை ஆண்டவனே மாத்த மாட்டான், நீங்க ஆருன்னு மாத்தறீங்க?"ன்னு கேட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி சார்"னு சொல்லி வெச்சிருச்சு.

இதுல இன்னொரு கூத்து கேளுங்க. சாவித்திரின்னு ஒரு அம்மா. அந்தம்மா பொண்ணுக்கு மூலம்னு நான்தான் எழுதிக் குடுத்திருந்தேன். அதனால வந்த எடமெல்லாம் தட்டிப் போச்சு. அது வேற எங்கியோ புதுசுல போட்டுப் பாத்திருக்குது, பூராடம்னு வந்திருக்குது. தூக்கிட்டு ஓடி வந்துருச்சு. "அம்மா, மெசின் பேச்சையெல்லாம் நம்பாதீங்க, தலையில எழுதுனது எழுதுனதுதான், பழசுதான் சரி"ன்னு சொல்லி அனுப்பிச்சேன். அழுதுட்டே போச்சு. என்ன பண்றது, தொழில்னா ஒரு கண்டிப்பு வேணுமுங்க.

சரி, நம்ம கதைக்கு வாரேன். புதுசைத் தூக்கிப் போட்டுட்டு பழைய சி.டி.யைப் போடலாம்னு முடிவு பண்ணுனேன். புதன்கிழமை, நல்ல நேரம் பாத்து, ஊதுபத்தி பொருத்தி வெச்சு ஆரம்பிச்சேன். அது என்னென்னமோ கேக்குது. நான் "அடுத்து, அடுத்து, அடுத்து"ன்னு அமுத்திட்டே வந்தேன். ஏறி முடிச்சுது. தொறந்தா ஒரு வட்டம் சுத்துச்சு. சுத்தி நின்னதும், "வாழ்த்துகள், நீங்கள் இப்போது நான்காம் பதிப்பில் இருக்கிறீர்கள்"னுது. வாழ்த்தாமா!

பொண்ணுதான் சொன்னா. "அப்பா, பழசை ஏத்தும்போதே அது நெட்டுல போயி புதுசு இருக்குதான்னு பாத்துக்கும். எங்கூட காலேஜ்ல படிச்ச பூபதின்னு ஒருத்தரு ஈரோட்டுல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்காரு. நம்பர் தாரேன், கேட்டுப் பாருங்க." கூடப் படிச்சவனைக் கூட அவருன்னு மரியாதையாச் சொல்லுவா. அப்பிடி வளத்திருக்கேனுங்க.

பையன் தங்கம். ஃபோன்லயே பொறுமையாச் சொன்னான். "ஐயா, மொதல்ல நெட்டுப் பொட்டியை அணைச்சிருங்க. அப்பறமா சி.டி.யைப் போடுங்க. கேக்கறதுக்கெல்லாம் அடுத்து குடுக்காதீங்க, ஒண்ணொண்ணாப் படிச்சுப் பாருங்க. 'தானாகப் புதுப்பித்துக்கொள்'னு ஒரு கட்டம் இருக்கும், அதுல அவனே டிக் போட்டு வெச்சிருப்பான், அதை எடுத்துப்போடுங்க. ஏறி முடிச்சதும் உள்ள போயி அமைப்புல, 'ஒருபோதும் வேண்டாம்'னு வெச்சுட்டு, அதுக்கப்பறம் நெட்டைப் போடுங்க." நானும் பஞ்சாங்கம் படிக்கற மாதிரி எழுத்தெண்ணிப் படிச்சு, அப்பிடியே பண்ணுனனுங்க. மூணாம் நம்பர் வந்து நின்னுச்சு. கேட்டை! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு. மூணாம் நாள் காலையில தொறந்தா வாழ்த்துகள்.

மறுக்காவும் பழசைப் போட்டேன். இந்தத் தடவை நெட்டுப் பொட்டியையே செவுத்துல இருந்து கழட்டி அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடி வெச்சேன். மறுநாள் பாத்தா, நாலாம் நம்பர். நெட்டு அரிசிக்குள்ள கெடக்குது, இது எங்கிருந்துங்க வருது? பொண்ணைக் கேட்டேன். "காத்துல வரும்பா"ன்னா. காத்துல வருதுன்னா நான் எதை அடைக்கறது? சன்னலையெல்லாம் சாத்துனேன். என்ற ஊட்டுக்காரி ருக்குமணி, "ஏனுங்க, இது கண்ணு பட்டதுதான், சுத்திப் போட்டுட்டா சரியாயிரும்"னா. எலுமிச்சம்பழம் கட்டுனோம். கற்பூரம் சுத்துனதுல ஒரு ஓரம் உருகிருச்சு, இங்க பாருங்க, இந்த எடம். அப்பவும் நிக்கலை.

இத்தனைக்கும் கோகிலவாணி கூடவே இருந்து ஒத்தாசை பண்ணுச்சுங்க. ரைஸ்மில்காரங்க வாரேன்னு சொன்னதுல இருந்து அவ அந்தப் பொட்டியை விட்டு நகர்றதே இல்லை. அவளா என்னமோ ஜாதகம் போட்டுப் போட்டுப் பாத்துட்டு இருப்பா. தொழில் ரத்தத்துல இருக்குதல்லங்க. சிக்கனமும் அப்பிடித்தான். ஃபோனுக்கு சார்ஜ் கூடத் தனியா போட மாட்டா. இந்தப் பொட்டியிலயே ஒயரைச் சொருகி வெச்சுட்டுப் போயிருவா, கரண்டு மிச்சம்னு.

ஏன் தம்பி சிரிக்கறீங்க? ஃபோன் வழியா நெட்டு வருமா? அட, அது சார்ஜ் போடற ஒயருங்க. கரண்டு போற ஒயருல நெட்டு எப்பிடி வரும்? நீங்களும் படிச்சவங்களாத்தான் தெரியுது. சரி விடுங்க, கதையைக் கேளுங்க.

பொண்ணு பாக்க வார நாளும் வந்துச்சு. அங்கமுத்து ஊட்டுல ஒரு வழக்கம். எங்க பொண்ணு பாக்கப் போனாலும், எழுதி வெச்ச ஜாதகத்தை வாங்க மாட்டாங்க. பொறந்த தேதி, நேரம் சொல்லி, அவங்க கண்ணு முன்னால புதுசாப் போட்டுக் குடுக்கோணும். அவங்க பங்காளி ஊட்டுல ஆரோ நேரத்தை மாத்தி எழுதி ஏமாத்திட்டாங்களாம், அதுல இருந்து இப்பிடி. எனக்கென்ன, நான்தான் தயாரா இருக்கனே. விடிய எந்திரிச்சுப் பழசை ஏத்தி, கட்டத்துல டிக்கை எடுத்து, நெட்டுப் பொட்டியைக் கொண்டு போயி பக்கத்து ஊட்டு மாட்டுக்கொட்டாயில வெச்சுட்டு வந்துட்டேன். பொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வெச்சுக் கேட்டைன்னு வருதான்னு ஒருக்கா போட்டுப் பாத்தும் வெச்சுக்கிட்டேன்.

பத்துப் பேரு வந்தாங்க. கேசரி, பஜ்ஜி. பொண்ணு பட்டுச் சீலை கட்டிட்டு காப்பி கொண்டாந்து குடுத்தா, மகாலட்சுமியாட்டம். கும்புட்டுட்டுப் போகும்போது, "அப்பா, ஃபோன்ல சார்ஜே இல்லை"ன்னு பொட்டியில சொருகி, மவுசுல என்னமோ ரெண்டு அமுத்து அமுத்திட்டுப் போனா. அப்பவும் சிக்கனம் பாருங்க.

அங்கமுத்து தொண்டையைக் கனைச்சாரு. "ஜோசியரே, தப்பா நெனச்சுக்காதீங்க, எங்க வழக்கப்படி ஒருக்கா கண்ணு முன்னால போட்டுருங்க"ன்னாரு. "அதுக்கென்னங்க"ன்னு சொல்லித் தொறந்தேன்.

வட்டம் சுத்துச்சுங்க.

கீழ ஒரு கோடு பச்சையா நவுந்துட்டே போகுது. பத்துப் பேரும் பஜ்ஜியைக் கையில வெச்சுட்டு அதையே பாக்கறாங்க. நான் மனசுக்குள்ள தெரிஞ்ச சாமியெல்லாம் கும்புடறேன். என்ற கொலசாமிக்குக் கெடா வெட்டறேன்னு வேண்டிக்கிட்டேன். வாழ்த்துகள்னு வந்துச்சு. வாழ்த்துகள்னு பாத்ததும் அவங்க கூட வந்த பெரியம்மா ஒண்ணு, "பொருந்திருச்சுடோய்"னு கொலவை போடப் போயிருச்சு.

மூலம்.

அங்கமுத்து நெஞ்சு மேல கையை வெச்சாரு. "எனக்கு ஏற்கனவே பிரசர் இருக்குதுங்க ஜோசியரே"ன்னாரு. நான் எந்திரிச்சுட்டேன். ஆத்திரம் தாங்கலை. "ஏனுங்க, ஒரு பொட்டப் புள்ளை வாழ்க்கையை ஒரு மெசின் முடிவு பண்றதா? தங்கமாட்டம் பொண்ணு உங்க கண்ணு முன்னால வந்து நின்னா, அவளைப் பாக்காம கட்டத்தைப் பாக்கறீங்களே, இதுல என்னங்க ஞாயம்?"னு கேட்டேன். கேப்பனா மாட்டனா?

அவரு மெதுவாச் சொன்னாரு. "நீங்கதான ஜோசியரே, என்ற தம்பி பையனுக்கு அந்தச் சாவித்திரி பொண்ணைப் பாத்தப்ப, மூலம்னா அந்தத் தெருப் பக்கமே போகாதீங்கன்னு சொன்னது?"

அது வேற, இது வேறங்க. அது தொழில். இது என்ற பொண்ணு. அந்த வித்தியாசம் கூடப் புரியலை அவருக்கு, ரைஸ்மில் வெச்சு என்ன பிரயோசனம்? போயிட்டாங்க. கேசரியை ஆரும் தொடலை. ருக்குமணி அடுப்படியில உக்காந்து அழுதா. நான் ரெண்டு நாள் சரியாச் சாப்புடலைங்க. ஊருக்கெல்லாம் பொருத்தம் பாத்துக் குடுத்தவன், என்ற பொண்ணை ஊட்டுலயே வெச்சுக்குவனோன்னு பொலம்பிட்டே கெடந்தேன்.

அப்பறமா அந்தப் பூபதியை நேருலயே வரச் சொன்னேன். ஃபோனை வெக்கறதுக்குள்ள வந்த மாதிரி, ஈரோட்டுல இருந்து வண்டியில பறந்து வந்துட்டான். வந்து பொட்டி முன்னாடி உக்காந்தான். முன்னால பாத்தான், பின்னால பாத்தான். அந்த சார்ஜ் ஒயரை எடுத்துக் கையில வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் என்ற பொண்ணைப் பாத்தான். அவ தரையைப் பாத்தா. "ஐயா, இது ரொம்பச் சிக்கலான பிரச்சனைங்க. நான் அடிக்கடி வந்து பாத்தாத்தான் சரியாகும்"னான். எவ்வளவு பொறுப்பு பாருங்க. இன்னைக்கு ஆருங்க வேலையை இப்பிடி எடுத்துச் செய்யறாங்க?

அப்பிடி வந்து போயிட்டு இருக்கும்போது ஒரு நாள் சாப்புட வெச்சுப் பேசிட்டு இருந்தேன். அப்பா என்ன பண்றாருன்னு கேட்டேன். "சின்ன வயசுலயே தவறிட்டாருங்க ஐயா. அம்மாதான் தையல் கடை வெச்சு வளத்துனாங்க"ன்னான்.

தம்பி, எனக்குப் பளிச்சுனு ஒண்ணு தோணுச்சு. மூலத்துக்கு ஒரே பரிகாரம், மாமனாரு இல்லாத ஊடு. எதுத்தாப்ல உக்காந்து ரசம் ஊத்திச் சாப்புட்டுட்டு இருக்குது அந்த ஊடு!

ஆனா நான் ஒண்ணும் காட்டிக்கலைங்க. தொழில்காரன் பாருங்க. "பொட்டியைச் சோதிச்சுப் பாக்கோணும், ஆருதாச்சும் பொறந்த தேதி வேணுமே, உன்றதைச் சொல்லேன்"னேன். அவன் தேதி, நேரம், ஊரு எல்லாம் மளமளன்னு சொன்னான், பரீட்சைக்குப் படிச்சுட்டு வந்தவனாட்டம். போட்டுப் பொருத்தம் பாத்தேன். பத்துக்கு எட்டு! பழைய மூணாம் நம்பரா இருந்தா ராசிப் பொருத்தமே கெடையாது, மொதல் கட்டத்துலயே தள்ளியிருப்பேன். நாலாம் நம்பர்தாங்க அவங்க ரெண்டு பேரையும் சேத்து வெச்சுது. அந்தக் கம்பெனிப் புள்ளை சொன்னதும் ஞாயம்தான்னு இப்பத் தோணுது. கணக்கைத் துல்லியம் பண்றது தப்பில்லை. காலத்துக்கு ஏத்த மாதிரி நாமளும் மாறோணும்.

அந்தச் சாவித்திரியம்மா பொண்ணுங்களா? அட, ஆமா. நாலாம் நம்பர் சரின்னா அது பூராடம்தான். சொல்லி அனுப்போணும். இந்தக் கல்யாண வேலை முடியட்டும், நிதானமாச் சொல்லிக்கலாம்.

இப்ப என்ன வில்லங்கம்னா, முந்தாநேத்துல இருந்து அஞ்சாம் நம்பர் வந்திருக்குது, போட்டுக்கறீங்களான்னு கேக்குதுங்க. அஞ்சாம் நம்பர் வந்து என்ற பொண்ணைப் பூராடத்துல தள்ளுமோ, மறுபடி கேட்டைக்கு இழுக்குமோ, ஆரு கண்டா? அதனாலதான் பொட்டியைக் கழட்டி மடியில வெச்சுட்டுப் பூபதி கடைக்குப் போறேன். நாலாம் நம்பர்லயே ஆணியடிச்சு நிறுத்தோணும். அவன் வந்தே பண்ணியிருப்பான், நான்தான் வேண்டாம்னுட்டேன். பொட்டி ஒரு சாக்குங்க. அவன் அம்மாவைப் பாக்கோணும், ஊட்டைப் பாக்கோணும், பேச்சை எடுக்கோணும். எல்லாம் நானா யோசிச்சது. ருக்குமணிக்குக் கூடச் சொல்லலை.

பொண்ணுகிட்டயும் சொல்லலைங்க. அவ என்ன சொல்லுவாளோ தெரியலை. அந்த ரைஸ்மில் எடம் தட்டிப் போனதுல இருந்து, பாவம், எப்பப் பாத்தாலும் சிரிச்சுட்டே இருக்கறா. பாட்டெல்லாம் பாடறா. துக்கத்தை மறைக்கறாங்க. பெத்தவனுக்குத் தெரியாதா? காலையில நான் பொட்டியைத் துண்டுல சுத்தும்போது, "அப்பா, லீவு போட்டுட்டு நானும் வரட்டுமா?"ன்னு கேட்டா. என்னைய ஒத்தையில விட மனசில்லை. நான் செத்தாலும் அவளைக் கட்டாயப்படுத்த மாட்டேன் தம்பி. அவ மொகம் வாடுனா என்னால தாங்க முடியாது.

இருங்க, ஃபோனு. அவதான்.

சொல்லு அம்மிணி... சித்தோடு தாண்டியாச்சு... ஆமா, மடியிலதான் இருக்குது... கடைக்குத்தான் போறேன், ஏன்?... நேரா ஊட்டுக்கா?... அவங்க அம்மா சமைச்சு வெச்சிருக்காங்களா? எனக்கா? நான் வாரது அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?... ஓ... சரி... எனக்குக் கத்திரிக்காய் ஆகாதுன்னு அவங்களுக்குச் சொல்லியாச்சா? ஆரு சொன்னது?... சரி சரி, வெச்சிரட்டுமா கண்ணு.

என்ன வெவரமா இருக்கறா பாத்தீங்களா? கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைங்களுக்கு எல்லாமே முன்கூட்டித் தெரிஞ்சிருதுங்க. ஜோசியன் ஊட்டுப் பொண்ணு வேற.

தம்பி, எறங்கறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன், மனசுல பட்டதைச் சொல்லுங்க. நீங்களும் இந்தக் காலத்து ஆளு. அப்பன் தேடித் தேடிப் புடிச்ச மாப்பிளை, முன்னப் பின்னப் பழக்கமில்லாத பையன். திடுதிப்புனு போயி இவனைக் கட்டிக்கோ கண்ணுன்னு சொன்னா, ஒத்துக்குவாளுங்களா?